செதுக்கச் சொல்லிக் கேட்ட மரங்கள்: தைனோ மக்களின் சடங்குப் பொருட்கள்

காட்டு வழியே போகிற ஒருவர் கண்ணில், வேரை அசைக்கும் ஒரு மரம் படுகிறது. பயந்து நின்று, யார் நீ என்று கேட்கிறார். பெஹீக்கேயை அழைத்து வா, நான் யாரென்று அவர் சொல்வார் என்கிறது மரம். அவர் ஓடிப்போய்த் தகவல் சொல்ல, அந்த ஊரின் மந்திர வைத்தியரான பெஹீக்கே வந்து மரத்தடியில் உட்காருகிறார். ஒரு பொடியை மூக்கால் உறிஞ்சுகிறார். பிறகு எழுந்து, பெரிய தலைவர் ஒருவரிடம் பேசுவதுபோல மரத்தின் பட்டப்பெயர்களை எல்லாம் சொல்லிவிட்டு விசாரிக்கத் தொடங்குகிறார். இங்கே என்ன செய்கிறாய்? எதற்காக என்னைக் கூப்பிட்டாய்? உன்னை வெட்டட்டுமா? என்னோடு வர விருப்பமா? எப்படித் தூக்கிப்போக வேண்டும்? வீடு கட்டித் தருகிறேன், நிலமும் தருகிறேன். மரம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறது. தன்னை எந்த உருவத்தில் செய்ய வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. பெஹீக்கே வெட்டி, சொன்னபடி செதுக்கி, வீடு கட்டிக் குடிவைக்கிறார். அதற்கப்புறம் ஆண்டில் பலமுறை அதே பொடியை உறிஞ்சி அதனுடன் பேசுகிறார்.

இதை எழுதிவைத்தவர் ரமோன் பானே என்ற கட்டலான் துறவி. கொலம்பஸின் இரண்டாம் பயணத்தின்போது ஹிஸ்பானியோலா தீவுக்கு வந்தவர். இன்று ஹைட்டி, டொமினிக்கன் குடியரசு என்று இரு நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் அதே தீவுதான். இங்குள்ளவர்கள் எதைக் கும்பிடுகிறார்கள், எதை நம்புகிறார்கள் என்று விசாரித்து எழுதும் வேலையைக் கொலம்பஸ் அவருக்குக் கொடுத்தார். பானே முதலில் மகோரிஸ் பகுதியிலும் பிறகு குவாரியோனெக்ஸ் என்ற தலைவரின் ஆளுகையிலும் தங்கி, உள்ளூர் மொழி பழகி, 1498 வாக்கில் எழுதி முடித்தார். மூலப்பிரதி தொலைந்துபோனது. கொலம்பஸின் மகன் தன் தகப்பனாரின் வாழ்க்கையை எழுதும்போது அதை அப்படியே உள்ளே சேர்த்துக்கொண்டதால், 1571இல் வெனிஸில் அச்சான அந்த நூலின் இத்தாலிய மொழிபெயர்ப்பு வழியாகப் பிழைத்தது. பானே தேர்ந்த எழுத்தாளர் இல்லை. அவசரத்தில் எழுதினேன், போதிய காகிதம் இல்லை, அதனால் முன்பின்னாக இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்கிறார். இந்த நம்பிக்கைகளை அவர் மதிக்கவும் இல்லை. ஆனால் காதில் விழுந்ததைத் தனக்குப் புரியாதபோதும் எழுதிவைத்தார். அது போதும். ஐரோப்பியர் ஒருவர் அமெரிக்க மக்களோடு வாழ்ந்து அவர்களைப் பற்றி எழுதிய முதல் ஆவணம் அதுதான்.

தைனோக்கள் என்று நாம் இப்போது அழைப்பது, 1492இல் கரீபியனின் பெரிய தீவுகளில் வாழ்ந்த அரவாக் மொழிக் குடும்ப மக்களை. ஹிஸ்பானியோலா, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபாவின் பெரும்பகுதி, ஜமைக்கா, பஹாமாஸ் எல்லாம் அவர்கள் வாழ்ந்த இடங்கள். முன்னோர்கள் தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் பக்கமிருந்து தீவு தீவாக வந்தவர்கள். மரவள்ளிதான் பிரதான உணவு. ஊர்த் தலைவருக்குக் கசீக்கே என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத சக்தி, அது குடியிருக்கும் பொருள் இரண்டுக்குமே செமி என்ற ஒரே பெயர்தான். மரம், கல், எலும்பு, சங்கு, பருத்தி என்று எதிலும் செமி இருக்கலாம். இறந்த தாய் தகப்பனின் எலும்பை உள்ளே வைத்திருக்கும் செமிகளும் உண்டு என்கிறார் பானே. இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ள பருத்தியால் நெய்த செமி ஒன்றுக்குள் மனித மண்டையோட்டின் முன்பகுதி இருப்பது அதை உறுதிப்படுத்துகிறது.

அருங்காட்சியகங்களில் இந்தப் பொருட்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு அட்டைகள் பெரும்பாலும் 'சடங்குக் கருவி' அல்லது 'தெய்வ உருவம்' என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் பானே சொல்லும் மரத்தின் கதையை வைத்துப் பார்த்தால் இரண்டுமே போதவில்லை. அந்த மரத்துக்கு விருப்பம் இருந்தது, நிபந்தனை இருந்தது. செதுக்கியவர் அதன் சம்மதத்தைக் கேட்டுத்தான் உளியை வைத்தார். சடங்கு என்பது இரு தரப்பு உட்கார்ந்து பேசும் பேச்சு, செதுக்கிய பொருள் அதில் ஒரு தரப்பு. இப்படிப் பார்த்தால்தான் மற்ற பொருட்கள் ஏன் அந்தந்த வடிவத்தில் இருக்கின்றன என்பதும் பிடிபடும்.

பேச்சு நடக்கும் நேரத்துக்குக் கொஹோபா என்று பெயர். உறிஞ்சும் பொடிக்கும் அதே பெயர். பொடி எதிலிருந்து வந்தது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. புகையிலை என்றே பலர் நினைத்தார்கள், காரணம் 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒவியேதோ இரண்டையும் போட்டுக் குழப்பியிருந்தார். 1916இல் அமெரிக்கத் தாவரவியலாளர் வில்லியம் சாஃபோர்ட்தான் அது அனடெனந்தெரா பெரெக்ரினா என்று இப்போது அழைக்கப்படும் மரத்தின் விதை என்று நிறுவினார். இலை பார்க்க வேல மரத்துக்கு நெருங்கியது, தட்டையான காய், உள்ளே வட்டமான கரிய விதைகள். ஒரினோகோ கரையில் யோப்போ என்ற பெயரில் உறிஞ்சப்படுவதும் இதே விதையின் பொடிதான். இதில் புஃபோடெனின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மூக்கின் உட்சவ்வு வழியே சட்டென்று இரத்தத்தில் கலந்து, குமட்டல், எச்சில் பெருக்கு, கண்முன்னே வண்ணக் காட்சிகள் என்று வேகமாக வேலை செய்யும்.

அதற்கு முன் உடம்பைக் காலி செய்ய வேண்டும். பட்டினி கிடப்பார்கள். அப்புறம் ஓக்காளக் கரண்டி என்று சொல்லத்தக்க ஒரு பொருள் வருகிறது. நீண்டு வளைந்த மெல்லிய கரண்டி, நுனியைத் தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுக்க. பலவும் மானட்டி என்ற கடற்பசுவின் விலா எலும்பில் செதுக்கியவை. நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் ஆவுளியாவுக்கு இது தூரத்து உறவு. விலா எலும்பு இயல்பிலேயே வளைந்திருப்பதால் தொண்டைக்கு வாகாக அமைந்துவிடுகிறது. கைப்பிடிப் பக்கம் மட்டும் பல்லை இளித்த முகம், மடக்கிய கைகால்கள், சில நேரம் விலங்கின் தலை என்று நுணுக்கமாக வேலைப்பாடு செய்திருக்கிறார்கள். வாந்தி எடுக்கும் கோலுக்கு இவ்வளவு அலங்காரமா என்று தோன்றலாம். வயிற்றில் கெட்டது எதுவும் மிச்சமில்லை என்று செமிக்குக் காட்டவே வாந்தி எடுத்தார்கள் என்று அக்கால ஸ்பானிய எழுத்தாளர் கோமாரா குறிப்பிடுகிறார். பேசப் போகிறவரின் முன்னால் செய்யும் காரியம் என்பதால் அந்தக் கரண்டியும் பார்வைக்கு உரியதாகிவிடுகிறது.

அடுத்தது தட்டு. ஹிஸ்பானியோலாவில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காஸாஸ் கொஹோபா சடங்கைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். பொடியை வைக்கும் வட்டத் தட்டு பளபளவென்று கருங்கல் மணிபோல அழகாக இருந்தது என்றும், உறிஞ்சும் குழல் ஒரு தண்டாகத் தொடங்கிப் பாதியில் இரண்டாகப் பிரியும் என்றும் எழுதுகிறார். பிரிந்த இரு முனைகள் மூக்கின் இரு துளைகளுக்கும், ஒற்றை முனை பொடிக்கும். இனி கொலம்பஸ் எழுதிய ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள்: வட்டப் பலகையில் இருக்கும் பொடியைச் சில முறைமைகளோடு செமியின் தலைமேல் வைக்கிறார்கள், பிறகு இரு கிளைக் குழலை மூக்கில் வைத்து உறிஞ்சுகிறார்கள். இந்த ஒரு வரியால்தான் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுமார் 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த மரச் செமி புரிகிறது. கனமான கருமரம், கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் உயரம், வாயில் சங்கால் பதித்த பற்கள். தலைக்குமேல் ஒரு வட்டத் தட்டு. குழல் பிடித்துக் குனிகிறவரின் முகம் செமியின் முகத்துக்குச் சில அங்குலம் தள்ளி இருக்கும். இருவரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிற மாதிரி.

இந்த உருவங்கள் ஏன் இப்படிக் கோரமாக இருக்கின்றன என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகள், ஒட்டிய வயிறு, துருத்திய முதுகெலும்பு, இறுக்கிக் கடித்த பற்கள், பெரிதாக விரிந்த கண்கள், கன்னத்தில் தாரையாக ஓடும் பள்ளங்கள். முதலில் பார்த்த ஐரோப்பியர்கள் பேய் என்றார்கள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தோன்றியது. நாள்கணக்கில் பட்டினி கிடந்து, வாந்தி எடுத்து, பொடியை உறிஞ்சிய மனிதன் எப்படி இருப்பான்? எலும்பும் தோலுமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய. அந்தச் செமியின் உடம்பும் அதே நிலையில்தான் இருக்கிறது. கூடவே அது செத்தவர்களின் எலும்பையும் நினைவூட்டுகிறது. முன்னோர்களோடு பேசப் போகிறவர் பாதி வழி அவர்கள் பக்கம் போயாக வேண்டும் போலிருக்கிறது.

மயக்கத்தில் என்ன தெரிந்தது என்பதையும் பானே எழுதியிருக்கிறார். வீடுகள் அஸ்திவாரம் மேலாகத் தலைகீழாகத் தெரியுமாம், மனிதர்கள் கால்கள் வானத்தை நோக்க நடப்பார்களாம். தைனோ வேலைப்பாடுகளில் திருப்பிப் பிடித்தால் இன்னொரு முகமாகிவிடும் முகங்கள் உண்டு. வௌவாலும் அடிக்கடி வரும். இறந்தவர்களான ஓபியாக்கள் இரவில் வெளியே வந்து கொய்யாப்பழம் தின்பார்கள், அவர்களுக்குத் தொப்புள் இருக்காது என்பது தைனோ நம்பிக்கை. இரவில் வெளியே வந்து பழம் தின்னும் உயிர் வேறு எது என்று யோசித்தால், தலைகீழாகத் தொங்கும் வௌவால் ஏன் இந்தப் பொருட்களில் இவ்வளவு இடம் பிடித்தது என்பது விளங்கும்.

பொடியும் மூக்குச்சளியும் அவர்களுடைய ஆதிக் கதையிலேயே வருகின்றன. ஒரே பிரசவத்தில் பிறந்த நான்கு சகோதரர்கள், பாயமனாகோ என்ற கிழவரிடம் மரவள்ளி ரொட்டி கேட்டுப் போகிறார்கள். அவர் கோபத்தில், அன்று கொஹோபாவுக்காகத் தயாரித்தது கலந்த கோழையைத் தேமினான் என்ற சகோதரனின் முதுகில் துப்பிவிடுகிறார். முதுகு வீங்குகிறது. மற்றவர்கள் கல்கோடரியால் வெட்டித் திறக்க, உள்ளிருந்து உயிருள்ள பெண் ஆமை ஒன்று வெளியே வருகிறது. ரொட்டி, கொஹோபா, நோய், அதற்கான அறுவை எல்லாம் ஒரே கதையில். கூன் முதுகுள்ள உருவங்கள் சிலவற்றைத் தேமினான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்பது இதை வைத்துத்தான்.

இருக்கைக்கு வருவோம். தூஹோ என்பது ஒற்றை மரத்தில் குடைந்த தாழ்வான ஆசனம். நான்கு குட்டைக் கால்கள், முன்னால் ஒரு முகம், சிலவற்றில் பின்னால் நீண்டு எழும் சாய்வு. நான்கு காலில் நிற்கும் ஓர் உயிரின் முதுகில் உட்கார்வது போன்ற அமைப்பு. 1492 நவம்பரில் கியூபாவின் உள்பகுதிக்குக் கொலம்பஸ் அனுப்பிய இரண்டு தூதர்களை ஊர்க்காரர்கள் இப்படிப்பட்ட ஆசனத்தில்தான் உட்காரவைத்தார்கள். விலங்கு வடிவம், தங்கத்தால் கண்ணும் காதும் என்று வந்தவர்கள் வியந்து சொன்னார்கள். ஊர்க்காரர்கள் தரையில் சுற்றி உட்கார்ந்து, வந்தவர்களின் கையையும் காலையும் தொட்டுப் பார்த்தார்கள். தூதர்கள் அதை விருந்து உபசாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். தூஹோ கசீக்கேக்களுக்கும் செமிகளுக்கும் உரிய ஆசனம் என்பது தெரிந்த நமக்கு வேறு சந்தேகம் வருகிறது: வானத்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்துச் செமிகளுக்கான மரியாதையைச் செய்திருக்கலாம்.

கொஹோபாவில் தூஹோ இல்லாமல் எதுவும் நடக்காது. லாஸ் காஸாஸ் சொல்வது இது: முக்கியமானவர் முதலில் உறிஞ்சுவார், மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். உறிஞ்சியவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக் கொஞ்சநேரம் அப்படியே இருப்பார். பிறகு வானத்தைப் பார்த்து ஏதோ பேசுவார். கடைசியில், செமி தன்னிடம் என்ன சொன்னது என்று மற்றவர்களுக்குச் சொல்வார். விளைச்சலா பஞ்சமா, சண்டை வருமா, பிள்ளை பிறக்குமா. நாட்டு நிர்வாகத்தின் முடிவுகளும் இங்கேதான் எடுக்கப்பட்டன. அதனால் தூஹோ வெறும் பூசைச் சாமான் இல்லை, அரசியல் சொத்து. ஹிஸ்பானியோலாவின் சாராகுவா பகுதியின் புகழ்பெற்ற பெண் தலைவி அனகவோனா, கொலம்பஸின் தம்பி பார்த்தலோமியோவுக்குக் கொடுத்த அன்பளிப்புகளில் வேலைப்பாடு மிகுந்த 14 மர ஆசனங்கள் இருந்தன. சில ஆண்டுகளில், ஆளுநர் ஒவாண்டோவின் ஆட்கள் அந்த நாட்டுத் தலைவர்களை ஒரு வீட்டுக்குள் வைத்துக் கொளுத்திவிட்டு அனகவோனாவைத் தூக்கிலிட்டார்கள்.

உயர்ந்த தூஹோக்களும் செமிகளும் குவாயகான் என்ற மரத்தில் செய்யப்பட்டவை. தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியான மரம். இரும்பு கிடையாது. கல் உளி, சங்குச் சில்லு, தீ, மணல் இவற்றை வைத்துத்தான் செதுக்கி இழைத்து, உலோகம்போல மின்ன வைத்தார்கள். கண்ணிலும் பல்லிலும் சங்கையோ தங்கத் தகட்டையோ பிசினால் ஒட்டினார்கள். இந்தப் பிசின் பிற்காலத்தில் வேறு விதமாக உதவியது. குவாயகான் மிக மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் வாழும் மரம். மரத்தின் நடுப்பகுதியை எடுத்துக் கரிமக் காலக்கணிப்பு செய்தால், செதுக்கிய காலத்தைவிட நூற்றாண்டுகள் முந்தைய விடை வரலாம். ஜோவானா ஓஸ்டாப்கோவிச் என்ற ஆய்வாளரும் குழுவினரும் பல அருங்காட்சியகங்களில் உள்ள மரச்சிற்பங்களைச் சோதித்தபோது, மரத்தின் வெளி வளையங்களோடு பிசினையும் சேர்த்துக் கணித்தார்கள். பிசின் ஒட்டிய ஆண்டு செதுக்கிய ஆண்டுக்கு நெருக்கமாக இருக்கும். கொலம்பஸ் வருவதற்குச் சற்று முன்னர் செய்தவை என்று பொதுவாகக் கருதப்பட்ட பல உருவங்கள், அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை என்பது இதில் தெரிந்தது. அப்படியானால் ஒரு செமி பல தலைமுறைக் கைகளைக் கடந்து வந்திருக்க வேண்டும்.

வைத்தியத்திலும் இதே முறைதான், அளவுதான் சிறியது. நோயாளி என்ன பத்தியம் இருக்கிறாரோ அதையே பெஹீக்கேயும் இருப்பார். முகத்தில் கரி பூசிக்கொள்வார். புறப்படும்போதே வாயில் சின்ன எலும்பையும் இறைச்சித் துணுக்கையும் ஒளித்துக்கொள்வார் என்று பானே போட்டுக் கொடுக்கிறார். கொஹோபாவுக்குப் பிறகு நோயாளியின் உடம்பை உருவி, உறிஞ்சி, துப்பி, இதோ பார், உனக்குள் இருந்தது, நீ வாக்குக் கொடுத்தபடி செமிக்கு வீடு கட்டவில்லை, அதனால்தான் இதை வைத்துவிட்டது என்பார். வெளியே எடுத்தது கல்லாக இருந்தால் அதைத் தூக்கி எறிய மாட்டார்கள். பஞ்சில் சுற்றிக் கூடையில் வைத்து, சாப்பிடும்போது அதற்கும் கொஞ்சம் வைப்பார்கள். பிரசவத்துக்கு உதவும் என்ற நம்பிக்கை. நோயாளி இறந்து, வைத்தியர் பத்தியத்தை மீறினார் என்று சந்தேகம் வந்தால் உறவினர்கள் வைத்தியரைப் பிடித்துக் கைகால் முறிய அடிப்பதும் உண்டு. ஏமாற்று என்று பானே சொல்லும் இதே தொழிலில் இப்படி ஓர் அபாயமும் இருந்திருக்கிறது.

எண்ணிக்கையில் அதிகம் கிடைப்பவை முக்கூர்க் கற்கள்தான். உள்ளங்கையில் அடங்குவது முதல் இரு கையால் தூக்க வேண்டியது வரை. நடுவில் மலைபோல ஒரு கூம்பு, இரு பக்கமும் இரு முனைகள். ஒரு முனையில் முகமும் மறு முனையில் மடங்கிய கால்களும் செதுக்கியிருக்கும். சில கற்கள் மூன்று முனை கொண்டவை, அவை மரவள்ளியை விளையவைக்கும் என்று நம்புகிறார்கள் என்பது பானேயின் குறிப்பு. தைனோக்களின் உயர்ந்த செமியான யூகாஹூவும் மரவள்ளியோடும் கடலோடும் சம்பந்தப்பட்டவர்தான், அவருடைய தாய் அடபே. தலைவர்கள் மூன்று கற்களை வைத்திருப்பார்கள், ஒன்று பயிருக்கு, ஒன்று வலியில்லாத பிரசவத்துக்கு, ஒன்று மழைக்கும் வெயிலுக்கும் என்று கொலம்பஸும் எழுதுகிறார். இந்தக் கற்களை வயலில் புதைத்தார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குவாரியோனெக்ஸ் ஊரில் நடந்த ஒரு கொடூரத்துக்கு இது முக்கியம்.

செமிகளுக்குக் குணமும் வரலாறும் இருந்தன. பைப்ராமா என்ற செமி ஒரு போரில் தீக்கிரையானது. மரவள்ளிச் சாற்றால் கழுவியபோது அதற்குக் கையும் கண்ணும் திரும்ப வளர்ந்தன. தனக்குத் தின்ன மரவள்ளி கொண்டுவராதவர்களுக்கு அது நோயைக் கொடுக்கும் என்பார்கள். கொரோகோதே என்ற செமி கசீக்கேயின் வீட்டு உச்சியில் இருந்தது, இரவில் இறங்கிவந்து பெண்களோடு படுத்துவிட்டுப் போகும். தலையில் இரட்டைச் சுழியோடு பிள்ளை பிறந்தால் அதன் பிள்ளை என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஓப்பியெல்குவோபிரான். நாய்போல நான்கு கால்கள், மரத்தால் ஆனது. இரவானால் வீட்டைவிட்டுக் காட்டுக்கு ஓடிவிடும். தேடிப் பிடித்துக் கயிற்றால் கட்டிவைப்பார்கள், அவிழ்த்துக்கொண்டு மறுபடி ஓடும். கிறிஸ்தவர்கள் தீவுக்கு வந்தபோது அது கடைசியாக ஓடி ஒரு குளத்துக்குள் போய்விட்டது. அடிச்சுவடு அங்கே வரைக்கும் இருந்தது, அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

நல்ல செமி இருக்கும் கசீக்கேக்கு மதிப்பு. அதனால் ஒருவரிடமிருந்து மற்றவர் திருடுவதும் நடந்தது. கொலம்பஸ் சொல்லும் இன்னொரு சம்பவம் இந்த அதிகாரத்தைக் காட்டுகிறது. சில ஸ்பானியர்கள் ஒரு செமி வீட்டுக்குள் புகுந்தபோது செமி சத்தமாகத் தைனோ மொழியில் பேசியது. காலால் உதைத்துத் தள்ளிப் பார்த்தால் உள்ளே குடைந்திருந்தது. அதிலிருந்து ஒரு குழல் இருட்டு மூலைக்குப் போனது. தழைகளால் மறைத்த அந்த மூலையில் ஆள் இருந்து, கசீக்கே சொல்லவேண்டியதைக் குழல் வழியே பேசிக்கொண்டிருந்தார். குட்டு வெளிப்பட்டதும் கசீக்கே, தயவுசெய்து என் ஜனங்களிடம் சொல்லிவிடாதீர்கள், இதை வைத்துத்தான் அவர்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறேன் என்று கெஞ்சினாராம். மொத்தமும் பித்தலாட்டம் என்று முடிவு கட்ட ஸ்பானியர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தக் குழலைச் செமியின் வாய் என்று அந்தக் கசீக்கேயே நம்பியிருக்கலாம். பொடி உறிஞ்சிய தலைவரும் செமியின் சொல்லைத் தன் வாயால்தானே சொல்கிறார்? இரண்டில் எது என்று அவரிடம் கேட்டவர்கள் யாரும் இல்லை. வரி வசூலிக்க வந்தவர்களின் கண்ணில் அது ஆளும் தந்திரமாகத் தெரிந்ததில் ஆச்சரியமும் இல்லை.

குவாரியோனெக்ஸ் ஊரில் நடந்ததைப் பார்ப்போம். பானே அங்கே கட்டிய சிறு வழிபாட்டு வீட்டில் கிறிஸ்தவப் படங்களை வைத்துவிட்டு வேறு ஊருக்குப் போனார். குவாரியோனெக்ஸின் ஆட்கள் ஆறு பேர் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போய், விதைப்பு நிலத்தில் புதைத்து, மேலே சிறுநீர் கழித்து, இனி உன் விளைச்சல் நன்றாகவும் பெரிதாகவும் இருக்கும் என்று சொன்னார்கள். அவமதிப்பு என்று புகார் போனது. பார்த்தலோமியோ கொலம்பஸ் விசாரித்து, செய்தவர்களை உயிரோடு எரிக்கவைத்தார். பானேயே எழுதிவைத்த அந்த வாசகத்தை மறுபடி படித்தால், பயிருக்கான செமியை வயலில் வைக்கும் சடங்குபோலத் தெரிகிறது என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். வெறுப்பும் கலந்திருக்கலாம், ஏனென்றால் ஸ்பானியர்கள் தங்கள் தலைவரின் மனைவியைக் கெடுத்தார்கள் என்ற ஆத்திரம் அந்த ஊரில் கொதித்துக்கொண்டிருந்தது. எது எப்படியோ, புதிதாக வந்த கடவுளின் படத்துக்கும் தங்கள் முறைப்படி ஒரு வேலை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்ற வாசிப்பு எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்தப் போக்கு கொஞ்சகாலம் நீடித்ததற்கு ரோம் நகரின் பிகோரினி அருங்காட்சியகத்தில் ஓர் அத்தாட்சி இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிஸ்பானியோலாவில் செய்த செமி. பருத்தியும் சங்கு மணிகளும் கோத்த உடம்பு, தைனோ கைவேலை. கூடவே ஐரோப்பியக் கண்ணாடி மணிகள், முகம் பார்க்கும் கண்ணாடிகள். ஒரு பக்கம் மனித முகம், மறுபக்கம் வௌவால் சாயல். அந்த மனித முகம் செதுக்கப்பட்டிருப்பது ஆப்பிரிக்கக் காண்டாமிருகக் கொம்பில். அட்லாண்டிக்கின் மூன்று கரைகளிலிருந்தும் வந்த பொருட்களைச் சேர்த்து, யாரோ ஒரு தைனோ கலைஞர் தன் முறைப்படி செமி செய்திருக்கிறார். 1518 கடைசியில் பெரியம்மை தீவுக்குள் வந்தபின், தங்கச் சுரங்கங்களில் ஏற்கெனவே செத்து மடிந்துகொண்டிருந்த மக்கள்தொகை இன்னும் சரிந்தது. இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் இல்லாமல் போனது.

மிஞ்சியவை பெரும்பாலும் மறைத்துவைத்தவைதான். ஸ்பானியர் வரும் சத்தம் கேட்டால் செமிகளைக் காட்டுக்குக் கொண்டுபோய் ஒளிப்பார்கள் என்று கொலம்பஸே எழுதியிருக்கிறார். உலர்ந்த குகைகள் மரத்தைக் காப்பாற்றின. ஆக்சிஜன் இல்லாத ஆழ் நீரும் காப்பாற்றியது. டொமினிக்கன் குடியரசின் கிழக்கே லா அலேத்தா என்ற நீர் நிறைந்த இயற்கைக் கிணற்றில் 1990களின் பிற்பாதியில் மூழ்கித் தேடியபோது, மரத் தூஹோவும் கூடைகளும் உருக்குலையாமல் கிடைத்தன.

ஜமைக்காவில் 1792இல் கார்ப்பென்டர் மலைக் குகை ஒன்றில் மூன்று மரச்சிற்பங்கள் கிழக்கு நோக்கி நிற்கக் கண்டெடுக்கப்பட்டன. ஒன்று பறவைத் தலை கொண்ட மனிதன். இன்னொன்றின் கண்ணிலிருந்து கன்னம் வழியே தாரைகள் ஓடுகின்றன, மழையைத் தரும் செமியான போயினாயேல் என்று அதை அடையாளம் சொல்கிறார்கள். ஹிஸ்பானியோலாவில் போயினாயேலும் அதன் துணையும் குகையில் வியர்வை வழிய இருந்ததாகவும், மழை இல்லாத காலத்தில் மக்கள் அங்கே போனதாகவும் பானே சொல்கிறார். ஜமைக்காவின் மூன்றும் 1799இல் லண்டன் பழம்பொருள் சங்கத்தில் காட்டப்பட்டு, பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இவற்றைத் திரும்பப் பெறும் முயற்சியில் இருப்பதாக ஜமைக்காவின் பண்பாட்டு அமைச்சர் ஒலிவியா கிரேஞ்ச் 2019இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். சேகரிப்பில் உள்ளதை நிரந்தரமாக வெளியே கொடுக்க 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம் பெரும்பாலும் இடம் தருவதில்லை, கடனாகக் கொடுக்கலாம். சொந்தப் பொருளைக் கடனாக வாங்குவதா என்பது எதிர்த் தரப்பின் கேள்வி. ஜமைக்காவின் செயின்ட் ஆன் பகுதியில் அபூகிர் ஊர்க் குகையிலிருந்து 1992இல் கிடைத்த மரச்சிற்பங்கள் மட்டும் அந்த நாட்டிலேயே, தேசிய சேகரிப்பில் இருக்கின்றன.